பாய்மரத்து உச்சியில் ஒரு பாடம்



சில வாரங்களுக்கு முன் ஒரு நாள், மாலைச் செபமாலை முடிந்து கோயில் முற்றத்தில் நின்றிருந்தேன். நம் பங்கைச் சேர்ந்த ஒரு தந்தையும் தாயும் தங்கள் மகனை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தனர். தந்தை துறைமுகத்தில் உழைப்பவர். மகன் கல்லூரியில் இயற்பியல் பயில்பவன். குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்திற்கு 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டதல்லவா? அன்றிலிருந்து, தானும் ஒருநாள் அங்கே பணிபுரிய வேண்டும் என்று கனவு காண்பவன் அவன்.

"சாமி, இவனுக்கு நீங்களே புத்தி சொல்லுங்கள். வீட்டுச் செபத்துக்கு உட்கார மாட்டேன் என்கிறான். கேட்டால், உலகம் தட்டை என்று திருச்சபை கற்பித்ததாம். அறிவைக் கண்டாலே கோயிலுக்குப் பயமாம். இந்தப் படிப்புத்தான் இவனைக் கெடுத்துவிட்டது. நிறுத்திவிட்டு என்னோடு வேலைக்கு வரட்டும்" என்று பொரிந்து தள்ளினார் தந்தை. தாய் ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார். மகன் தலைகுனிந்தபடியே, "நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை, ஃபாதர். அடிதான் கிடைத்தது" என்றான்.

இருவர் முகத்தையும் பார்த்தேன். தந்தையிடம் கோபத்தைவிட அச்சமே மிகுந்திருந்தது. பெற்று வளர்த்த பிள்ளையின் விசுவாசம் கைநழுவிப் போகிறதே என்ற அச்சம். மகனிடமும் அச்சம் இருந்தது. தான் விரும்பும் அறிவுக்கும் தன்னை வளர்த்த வீட்டுக்கும் இடையே ஒன்றைத்தான் தேர்ந்துகொள்ள வேண்டுமோ என்ற அச்சம். "நாளை மாலை மூவரும் கடற்கரைக்கு வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். அங்கே நான் அவர்களுக்குச் சொன்ன ஒரு சிறு நூலின் கதையையே இம்மாதம் உங்களுக்கும் சொல்ல விழைகிறேன்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாரீஸ் பல்கலைக்கழகத்தில் கணிதமும் வானியலும் கற்பித்தவர் யோவான் சாக்ரோபோஸ்கோ. 'புனித வனம்' என்று பொருள்படும் ஊர்ப்பெயரே அவருடைய பெயராயிற்று. அந்த ஊர் எங்கள் நாட்டிலேயே உள்ளது என்று இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகிய மூன்று நாட்டாரும் உரிமை கொண்டாடுவர். 1230-ஆம் ஆண்டையொட்டி அவர் 'கோளத்தைப் பற்றி' என்னும் நூலை இலத்தீன் மொழியில் இயற்றினார். நான்கே அதிகாரங்கள் கொண்ட சிறு நூல் அது. முதல் அதிகாரம் உலகின் அமைப்பையும் பூமியின் வடிவத்தையும் கூறும். இரண்டாவது வானத்து வட்டங்களை விளக்கும். மூன்றாவது விண்மீன்களின் உதயம், அத்தமனம், பகல் இரவு நீளம் ஆகியவற்றைப் பேசும். நான்காவது கோள்களின் இயக்கத்தையும் கிரகணங்களையும் உரைக்கும்.

அதில் சொல்லப்பட்டவை அவர் புதிதாகக் கண்டுபிடித்தவை அல்ல. கிரேக்க அறிஞர் தாலமியிடமிருந்தும், அல்பர்கானி என்னும் இஸ்லாமிய வானியலாரிடமிருந்தும் அவர் கற்றுக்கொண்டவையே பெரும்பாலும். நம் பாரத நாட்டில் தோன்றி, அராபியர் வழியாக மேலைநாடு சென்ற எண்களையும் சுழியத்தையும் கொண்டு கணக்கிடும் முறையைக் கற்பிக்க அவர் மற்றொரு நூலும் எழுதினார். நல்லறிவு எவரிடமிருந்து வந்தாலும் அதைத் தலைவணங்கி ஏற்று, இளைஞருக்குப் புரியும்படி எடுத்துரைத்ததே அவர் செய்த தொண்டு. அத்தொண்டு நிலைத்தது. அச்சுக்கலை தோன்றிய பின், 1472-இல் இத்தாலியின் பெராரா நகரில் அந்நூல் முதன்முதல் அச்சேறியது. பின்னர் நூற்றுக்கணக்கான பதிப்புகள் வெளிவந்தன. ஏறத்தாழ 400 ஆண்டுகள் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் வானியல் பயிலத் தொடங்கிய மாணவனின் கையில் இருந்தது இந்நூலே.

அந்நூலின் முதல் அதிகாரத்திலேயே அந்த இளைஞனின் கேள்விக்கு விடை இருக்கிறது. பூமி உருண்டையானது என்று அது தெளிவாகக் கற்பிக்கிறது, காரணங்களையும் காட்டுகிறது. ஒரே சந்திர கிரகணம் கீழ்நாட்டார் கணக்கில் ஒரு மணியிலும் மேல்நாட்டார் கணக்கில் வேறொரு மணியிலும் நிகழ்வதேன்? வடக்கே செல்லச் செல்லத் துருவ நட்சத்திரம் மேலே உயர்வதும், தெற்கே வர வரக் கீழே இறங்குவதும் ஏன்? பூமி தட்டையாயின் இவை நிகழா.

மூன்றாவதாக அவர் காட்டும் சான்று, நம் தூத்துக்குடிக் கரையில் நின்று எழுதியதுபோல் இருக்கிறது. கரையில் ஓர் அடையாளத்தை நாட்டிவிட்டு ஒரு கப்பல் கடலுக்குள் செல்கிறது. பாய்மரத்தின் அடியில் நிற்பவனுக்கு அந்த அடையாளம் மறையும் இடத்தில் கப்பலை நிறுத்துங்கள். இப்பொழுது அதே மனிதன் பாய்மரத்தின் உச்சிக்கு ஏறட்டும். அடையாளம் மீண்டும் கண்ணுக்குத் தெரியும். தூரத்தால் மட்டும் மறைந்ததென்றால், அடிமரத்தில் நிற்பவனே உச்சியில் இருப்பவனைவிட அதற்கு அண்மையில் இருப்பதால் அவனுக்கே நன்றாகத் தெரிய வேண்டும். அப்படித் தெரியாமையின் காரணம், இருவருக்கும் நடுவே கடல்நீரே மேடுபோல் வளைந்து நிற்பதுதான்.

இதை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். கரையில் நிற்பவனுக்குக் கடலின் விளிம்பு 4 அல்லது 5 கிலோமீட்டர் தொலைவில் அமையும். 20 மீட்டர் உயரத்திலிருந்து பார்ப்பவனுக்கு அது ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவுக்கு விரியும். ஆகவே, திருச்சபையின் அரவணைப்பில் வளர்ந்த ஒரு பல்கலைக்கழகத்தில், ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன், பூமி உருண்டை என்பது தொடக்கநிலை மாணவருக்கான பாடமாக இருந்தது. திருச்சபை உலகத்தைத் தட்டை என்று கற்பித்தது என்னும் பேச்சு, பிற்காலத்தில் பரவிய கதையே.

நூலின் முடிவும் நம் சிந்தனைக்கு உரியது. ஆண்டவர் சிலுவையில் தொங்கியபோது நண்பகல் தொடங்கி மூன்று மணிவரை நாடெங்கும் இருள் சூழ்ந்தது என்று நற்செய்தி கூறுகிறது. அது சூரிய கிரகணமா? சாக்ரோபோஸ்கோ கணக்கிட்டுப் பார்க்கிறார். சூரிய கிரகணம் அமாவாசையில்தான் நிகழும். பாஸ்கா விழாவோ முழுநிலவுக் காலத்தில் வருவது. எனவே அந்த இருள் இயற்கையான கிரகணம் அன்று, இறைவனின் செயலே என்று முடிக்கிறார். இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இயற்கையின் ஒழுங்கை நன்கு கற்ற பிறகே அவர் 'புதுமை' என்ற சொல்லைக் கையாள்கிறார். சுவரில் ஈரம் கசிந்தாலும் மெழுகு உருகி ஓர் உருவம் தோன்றினாலும் புதுமை, புதுமை என்று கூட்டம் சேர்க்கும் நம்மவர் சிலர் இந்தக் கணித ஆசிரியரிடம் பாடம் கேட்க வேண்டும்.

இத்துணைத் தொலைவில் எழுதப்பட்ட நூலுக்கும் நம் கரைக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. 1509-ஆம் ஆண்டையொட்டி லிஸ்பனில் அச்சான மாலுமிகளின் கையேட்டில், சூரியனின் நிலையைக் காட்டும் அட்டவணைகளோடு சாக்ரோபோஸ்கோவின் நூலும் போர்த்துகீசிய மொழியில் சேர்க்கப்பட்டிருந்தது. 1537-இல் பேத்ரோ நூனெஸ் என்னும் கணித மேதை அதை மீண்டும் மொழிபெயர்த்து விளக்கங்களுடன் வெளியிட்டார். லிஸ்பனில் துருவ நட்சத்திரம் அடிவானிலிருந்து ஏறத்தாழ 39 பாகை உயரத்தில் நிற்கும். தெற்கே செல்லச் செல்ல அது தாழ்ந்து, பூமத்திய ரேகையைக் கடந்தபின் கடலுக்குள் மறைந்துவிடும். ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்த மாலுமிகள் இந்தக் கணக்கை நம்பியே கப்பலைச் செலுத்தினர். புனித சவேரியாரும் அத்தகைய கப்பலொன்றில் ஏறித்தான் 1542-இல் கோவாவை அடைந்து, அவ்வாண்டே நம் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார்.

சவேரியார் பயின்றதும் பாரீஸ் பல்கலைக்கழகத்திலேதான். சாக்ரோபோஸ்கோ கற்பித்த அந்நகரில், கலைப்பாடத்தின் ஒரு பகுதியாகக் கோள நூல் தொடர்ந்து போதிக்கப்பட்டு வந்தது. மணியடித்துச் சிறுவரைக் கூட்டி மந்திரங்கள் கற்பித்த சவேரியாரை நாம் அறிவோம். ஆனால் அவர் ஜப்பான் நாட்டிலிருந்து திரும்பிய பின், 1552-இல் எழுதிய கடிதங்களில் கூறியதைப் பலர் அறியார். அந்நாட்டு மக்கள் கதிரவனின் போக்கு, கிரகணம், நிலவின் வளர்பிறை தேய்பிறை, மழை, மின்னல், வால்மீன் ஆகியவற்றைப் பற்றி ஓயாது கேட்டனர் என்றும், அவற்றுக்குத் தக்க விடை கூறியது நற்செய்திக்குச் செவி திறந்தது என்றும் அவர் எழுதினார். அங்கு அனுப்பப்படும் குருக்கள் அத்தகைய அறிவும் உடையவர்களாக இருத்தல் வேண்டும் என்று விரும்பினார். கேள்வி கேட்டவர்களை அவர் அதட்டவில்லை. கேள்வியை விசுவாசத்தின் வாயிலாகக் கண்டார்.

இனி, அந்நூலுக்கு உரை எழுதிப் புகழ்பெற்ற ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் இயேசு சபைக் குரு கிறிஸ்தோப்பர் கிளாவியுஸ். ஜெர்மனி நாட்டவர். 1555-இல் புனித இஞ்ஞாசியார் உயிரோடிருந்த நாளிலேயே சபையில் சேர்ந்தார். போர்த்துகல் நாட்டுக் கொயிம்பிராவில் பயின்றார். நமக்கு 1578-இல் 'தம்பிரான் வணக்கம்' என்னும் தமிழ் அச்சு நூலைத் தந்த அன்றீக்கு அடிகளாரும், அவருக்குச் சில ஆண்டுகள் முன்னர், அதே கொயிம்பிராவில் பயின்றவரே. அங்கேதான் கிளாவியுஸ் 1560-ஆம் ஆண்டு ஆகஸ்டு 21-ஆம் நாள் பட்டப்பகலில் முழுச் சூரிய கிரகணத்தைக் கண்டார். பின்னர் உரோமைக் கல்லூரியில் ஆசிரியராகி, 1570-இல் சாக்ரோபோஸ்கோவின் சிறு நூலுக்குப் பேருரை எழுதினார். உலகெங்கும் சென்ற இயேசு சபைக் குருக்கள் வானியல் கற்றது அவ்வுரையிலிருந்தே. அவருடைய மாணவர் மத்தேயு ரிச்சி, 1580-இல் நம் அண்டையிலுள்ள கொச்சியில் குருப்பட்டம் பெற்றுச் சீனத்துக்குச் சென்றவர்.

நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியிலும் கிளாவியுஸின் கைவண்ணம் உண்டு. உயிர்ப்புப் பெருவிழா ஆண்டுதோறும் ஏன் மாறி வருகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். மார்ச் 21-ஆம் நாளோ அதன் பின்னரோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறே அவ்விழா. பழைய நாட்காட்டி ஓர் ஆண்டை உண்மையைவிட ஏறத்தாழ 11 நிமிடம் கூட்டிக் கணக்கிட்டது. 11 நிமிடம் அற்பம் என்று தோன்றும். நூற்றாண்டுகள் செல்லச் செல்ல அது நாட்களாகப் பெருகிற்று. இக்குறையைச் சாக்ரோபோஸ்கோவே தம் நாட்கணக்கு நூலில் சுட்டிக் காட்டியிருந்தார். 300 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, மருத்துவர் லிலியுஸ் வகுத்த திட்டத்தைக் கிளாவியுஸ் உள்ளிட்ட குழு ஆராய்ந்து செப்பனிட, திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரியார் அதை நடைமுறைப்படுத்தினார். 1582-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் வியாழனுக்கு மறுநாள், அக்டோபர் 15 வெள்ளி ஆயிற்று. அவிலா நகர்ப் புனித தெரேசம்மாள் மரித்தது அந்த அக்டோபர் 4-ஆம் நாள் இரவிலேதான். அவருடைய திருநாளை நாம் அக்டோபர் 15-இல் கொண்டாடுவதன் பின்னணியில் இவ்வரலாறு இருக்கிறது.

இதுவரை சொன்னதைக் கேட்ட அந்த இளைஞன் விட்டுவிடவில்லை. "அப்படியானால் கலிலேயோவை ஏன் தண்டித்தார்கள், ஃபாதர்?" என்று கேட்டான். தந்தை அவனை முறைத்தார். நான் தடுத்து, "கேட்கட்டும், நியாயமான கேள்வி" என்றேன்.

உண்மையை மறைத்தல் ஆகாது. சாக்ரோபோஸ்கோவின் நூலில் பெரும்பிழை ஒன்று இருந்தது. பூமி அசையாமல் நடுவில் நிற்க, கதிரவனும் கோள்களும் அதைச் சுற்றுவதாக அது கற்பித்தது. அக்கால அறிஞர் ஏறத்தாழ அனைவரும் அவ்வாறே எண்ணினர், கிளாவியுஸும் அப்படியே. கதிரவனே நடுவில் உள்ளது என்ற கோப்பர்நிக்கஸின் கொள்கையை அவர் இறுதிவரை ஏற்கவில்லை. 1610-இல் கலிலேயோ தொலைநோக்கி வழியாகக் கண்டவற்றை வெளியிட்டபோது, முதியவர் கிளாவியுஸ் முதலில் ஐயுற்றார். ஆயினும் அவரும் அவருடைய உடன் ஆசிரியர்களும் ஐயத்தோடு நின்றுவிடவில்லை. தாங்களே தொலைநோக்கியில் பார்த்தனர். வியாழனைச் சுற்றும் நான்கு நிலாக்களும் வெள்ளியின் வளர்பிறை தேய்பிறையும் மெய்யே என்று கண்டனர். 1611-இல் உரோமைக் கல்லூரி கலிலேயோவை வரவேற்றுச் சிறப்பித்தது.

அதன்பின் கிளாவியுஸ் செய்ததே இக்கதையில் என் மனத்தை மிகவும் தொட்ட செய்தி. தம் வாழ்நாள் உழைப்பான அந்த உரையின் கடைசிப் பதிப்பு அச்சாகிக்கொண்டிருந்தது. அதில் இப்புதிய காட்சிகளையெல்லாம் குறிப்பிட்டார். இவற்றுக்கு ஏற்ப வானத்தின் அமைப்பை எவ்வாறு வகுப்பது என்று வானியலார் எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்றும் எழுதி வைத்தார். 40 ஆண்டுகளாகத் தாம் கற்பித்த பாடத்தை அசைக்கும் செய்தியைத் தம் நூலிலேயே தம் கையால் சேர்த்துவிட்டு, 1612 பிப்ரவரி 6-ஆம் நாள் கண்மூடினார். அவ்வாண்டே, தென்னிந்தியாவில் பணியாற்றிய இயேசு சபைக் குரு அந்தோனியோ ரூபினோ, தொலைநோக்கியைப் பற்றிய விவரங்களை வேண்டி உரோமைக்குக் கடிதம் எழுதினார். அவர் பின்னர், 1643-இல், ஜப்பானின் நாகசாகி நகரில் விசுவாசத்துக்காக உயிர் துறந்தார். அறிவின்மேல் கொண்ட வேட்கை அவருடைய விசுவாசத்தைக் குறைத்துவிடவில்லை.

வருந்தத்தக்க வகையில், திருச்சபையின் அதிகாரிகள் பலரும் கிளாவியுஸின் வழியில் நடக்கவில்லை. 1616-இல் கோப்பர்நிக்கஸின் நூலுக்குத் தடை விதித்தனர். 1633-இல் கலிலேயோவைத் தண்டித்தனர். அவர் 1642-இல் இறக்கும்வரை வீட்டுக்காவலில் இருந்தார். அது தவறு. அத்தவற்றைப் புனித இரண்டாம் யோவான் பவுல் 1992-இல் உலகறிய ஏற்றுக்கொண்டார். விவிலியம் வானியல் நூல் அன்று, மீட்பின் நூல். உலகைப் படைத்தவரும் மறைநூலை அருளியவரும் ஒருவரே ஆதலால், உண்மை உண்மைக்குப் பகையாக இயலாது. முரண்பாடு தோன்றினால், நாம் எங்கோ தவறாகப் படித்திருக்கிறோம் என்பதே பொருள்.

இதையெல்லாம் பேசிக்கொண்டிருக்கையில் இருட்டிவிட்டது. தொலைவில் ஒரு கப்பலின் மேல்விளக்கு மட்டும் கடலின் விளிம்பில் தெரிந்தது. சிறிது நேரம் கழித்தே அதன் கீழ்விளக்குகள் தென்பட்டன. அதுவரை வாய் திறவாதிருந்த தந்தை மெல்லச் சொன்னார்: "சாமி, நீங்கள் சொன்ன பாய்மரக் கணக்கு எங்கள் அப்பா சொன்னதுதான். அவர் கொழும்புத் தோணியில் தண்டலாக இருந்தவர். கரை தேட ஆளை உச்சிக்குத்தான் ஏற்றுவார்களாம். அந்த வடக்கு வெள்ளியையும் எனக்குக் காட்டித் தந்திருக்கிறார்."

சொல்லிக்கொண்டே வடக்கே கை நீட்டினார். அடிவானுக்குச் சற்று மேலே, நீட்டிய கையின் முட்டி அளவு உயரங்கூட இல்லாமல், மங்கலாகத் துருவ நட்சத்திரம் நின்றது. நம் ஊர் வடக்கே ஏறத்தாழ 9 பாகையில் அமைந்திருப்பதால், அந்த விண்மீனும் அவ்வளவு உயரத்திலேயே நிற்கும். மகன் வியப்போடு தந்தையைப் பார்த்து, "இதை ஏன் அப்பா எனக்குச் சொல்லவே இல்லை?" என்றான். "நீ படித்தவன்; உனக்குத் தெரியாதா என்று நினைத்தேன்" என்றார் அவர். தாய் அப்பொழுது முதன்முறையாகச் சிரித்தார்.

அம்மகன் மறுநாளே குடும்பச் செபத்தில் அமர்ந்தான் என்று நான் சொல்லப்போவதில்லை; அதை நான் விசாரிக்கவும் இல்லை. படிப்பை நிறுத்தும் பேச்சு நின்றுவிட்டது என்பதை மட்டும் அறிவேன். விசுவாசம் ஒரே மாலையில் முளைத்துக் காய்க்கும் செடியன்று.

அன்பார்ந்த பெற்றோரே, உங்கள் பிள்ளை கேள்வி கேட்கும்போது கை ஓங்காதீர்கள். விடை தெரியாவிடில், "தெரியவில்லை, சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லுங்கள். அதனால் உங்கள் மதிப்புக் குறையாது. எழுபது வயதைக் கடந்த ஒரு பேராசிரியர் தம் நூலையே திருத்த முன்வந்தார். நாம் நம் சொல்லைத் திருத்திக்கொள்ளக் கூசுவானேன்? பிள்ளைகளே, நீங்களும் ஒன்றை மறவாதீர்கள். கைபேசியில் கண்டதையெல்லாம் அறிவு என்று எண்ணிவிடாமல், சாக்ரோபோஸ்கோவைப் போலக் காரணம் கேளுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் கேளுங்கள். பாய்மரம் ஏறிய அவர்கள் கண்ட உண்மை, பாரீஸ் நகரின் பாடநூலில் இருந்த அதே உண்மைதான்.

சந்திரனின் தென்பகுதியில் இரண்டு பெரும்பள்ளங்கள் உள்ளன. ஒன்றுக்குச் சாக்ரோபோஸ்கோ என்றும் மற்றொன்றுக்குக் கிளாவியுஸ் என்றும் வானியலார் பெயரிட்டுள்ளனர். கதிரவன் ஒளிபடும் நிலவுப் பரப்பில் நீரின் மூலக்கூறுகள் இருப்பதாக 2020-இல் அறிவிக்கப்பட்டதே, அது கண்டறியப்பட்ட இடம் கிளாவியுஸ் பள்ளமே. அடுத்த முழுநிலவு நாளில், இரவுச் செபம் முடிந்தபின் குடும்பத்தோடு மாடிக்கோ கடற்கரைக்கோ சென்று நிலவைப் பாருங்கள். அதைப் படைத்தவருக்கு நன்றி சொல்லுங்கள். பிள்ளைகள் கேட்பதைக் கேட்கட்டும்.

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குத்தந்தை